வாவிக்கரையில் ஓரிரவு: மடமும் வாடிவீடும் கூறும் வரலாறு

பிறந்த மண்ணிலே காசு கொடுத்துப் படுத்துறங்க நேர்ந்த ஒருவனுடைய எண்ணங்களாக இக்கட்டுரையை அன்பர்கள் கொள்வார்களாக.

சில ஆண்டுகளுக்கு முன், ஆவணி மாதத்திலே, மண்டூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவைத் தரிசிக்கும் ஆவலால், நெடுநாள் வெளியூரில் வாழ்ந்த யான் மட்டக்களப்புக்கு வந்தேன். புகையிரதம் பிந்தி வந்தது. நிலையத்தை விட்டு வெளியே வரும்போது நன்றாக இருட்டிவிட்டது. தெற்கே செல்லும் பஸ்வண்டிகள் போய்விட்டன. பட்டினத்திலே முன்னர் எமக்கு உறவினர் வீடுகள் மூன்று இருந்தன. ஒரு வீட்டார் கனடாவுக்குக் குடிபெயர்ந்தனர். மற்றொரு வீடு கைமாறிவிட்டது. மூன்றாவது வீட்டின் படலையிலே பூட்டுத் தொங்கியது. பெட்டியைக் கையிலே பிடித்துக்கொண்டு, "சொந்த ஊரில் எங்கே படுப்பது?" என்று வீதியிலே நின்று யோசித்தேன். வாழ்க்கையில் அப்படி யோசித்தது அதுவே முதல் தடவை.

கடைக்காரர் ஒருவர் வழி காட்டினார். புளியந்தீவிலே வாவியை நோக்கியபடி ஒரு பழைய வீடு. தடித்த சுவர், உயர்ந்த ஓட்டுக் கூரை, நாற்காலிகள் போட்ட அகன்ற விறாந்தை. வீட்டுக்காரர் மூன்று அறைகளை வழிப்போக்கர்க்கு வாடகைக்குக் கொடுத்து, காலை உணவும் வழங்கி வந்தார்கள். வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் விளக்கோடு வந்து முகத்தைப் பார்த்து, "எந்த ஊர் மனே?" என்றார். ஊரைச் சொன்னேன். "அப்ப நம்மட ஆள்தானே! வாங்க, இரிங்க" என்றார். இரவெல்லாம் வாவிக் காற்று வீசிற்று. காலையிலே பிட்டும் முட்டித் தயிரும் வந்தன. கணக்குத் தீர்த்தேன். கணக்கெல்லாம் தீர்ந்தபின், அம்மையார் உள்ளே சென்று ஒரு வட்டாவிலே வெற்றிலை பாக்கு வைத்துக் கொண்டுவந்து நீட்டினார். அது கணக்கிலே சேராத பொருள். அவ்வட்டாவைத் தொட்டபோது எழுந்த கேள்வியே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. அறைக்குக் காசு வாங்கிய அதே கை வட்டாவையும் நீட்டுகின்றதே. இவ்விரண்டில் எது மட்டக்களப்பின் வழக்கம்? வழிப்போக்கனுக்கு இந்நாடு இடங்கொடுத்த வரலாறுதான் யாது?

பாயும் வட்டாவும்

மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்பது வடபகுதியார் நெடுங்காலமாகச் சொல்லிவரும் பேச்சு. மந்திரத்தால் ஒட்டவைப்பர் என்று அஞ்சினோரும் உளர். கேலியாகச் சொன்னாலும் அச்சத்தாற் சொன்னாலும் அப்பேச்சினுள்ளே ஓர் உண்மை அடங்கிக் கிடக்கின்றது. வியாபாரத்துக்கும் உத்தியோகத்துக்கும் இங்கு வந்தோர் பலர் இங்கேயே மணம் முடித்துத் தங்கிவிட்டனர். தாய்வழிக் குடிமரபுடைய இந்நாட்டிலே வீடும் வளவும் பெண்மக்களுக்கே சீதனமாகச் செல்வன. மணமகன் பெண்வீட்டுக்கு வந்து வாழ்வான். ஆதலின், வெளியூரான் ஒருவன் இங்கே பெண்கொண்டானாயின் அவனுக்கு வீடும் கிடைத்தது, ஊரும் கிடைத்தது. பாயோடு ஒட்டுதற்கு வேறு மந்திரம் வேண்டுமோ?

இங்கே வீட்டுக்கு வந்தவரை வரவேற்கும் முறை எளியது. முதலிற் பாயை விரிப்பர். பின்னர் வெற்றிலை வட்டாவை முன்னே வைப்பர். பாய் பெரும்பாலும் இந்நாட்டுப் பெண்களே பின்னிய பன்பாய். வட்டா என்பது காலுடைய பித்தளைத் தட்டு. தமிழர் வீட்டிலும் முஸ்லிம்கள் வீட்டிலும் இவ்வழக்கம் ஒன்றே. வெற்றிலை வைத்து அழைக்காத அழைப்பு அழைப்பாகாது; வைத்த வட்டாவைத் தொடாமற் போவது மனத்தாங்கலுக்கு இடமாகும். பாயும் வட்டாவும் பெரும்பொருள் வேண்டும் பொருள்களல்ல. ஏழைக் குடிசையிலும் அவை உண்டு. விருந்தோம்பல் செல்வரின் அலங்காரமன்று, எல்லார்க்கும் உரிய கடமை என்பதை இவ்வழக்கம் காட்டும்.

இக்கடமை நம் சமயத்தோடும் இலக்கியத்தோடும் பிணைந்தது. திருவள்ளுவர் தம் நூலின் ஒன்பதாவது அதிகாரம் முழுவதையும் விருந்தோம்பலுக்கே ஒதுக்கினார். உபநிடதம் விருந்தினரைத் தாய், தந்தை, ஆசிரியரோடு ஒருங்கு வைத்துத் தெய்வமாகக் கருதப் பணிக்கின்றது. இவற்றினும் நம் நெஞ்சுக்கு நெருக்கமான சான்று ஒன்று உண்டு. மட்டக்களப்பு நாட்டிலே ஊர்தோறும் கோயில்கொண்டு, வைகாசியிலே சடங்கு பெறும் கண்ணகை அம்மன் யார்? கணவனைப் பிரிந்திருந்த காலத்திலே தான் பட்ட துன்பத்தை எடுத்துரைக்கும்போது, விருந்தினரை எதிர்கொள்ளும் பேற்றை இழந்தமையையும் ஒரு துன்பமாகச் சொல்லி வருந்தியவள். அவளே மதுரைப் புறஞ்சேரியிலே வழிப்போக்கியாய் வந்து, கவுந்தியடிகளால் மாதரி என்னும் இடைக்குல மூதாட்டியிடம் அடைக்கலம் புகுந்தாள். புது மனையும் புதுக் கலங்களும் கொடுத்துப் போற்றிய மாதரி, தன் அடைக்கலத்தைக் காக்க முடியாமற் போயிற்றே என்று தீயிற் புகுந்து உயிர்நீத்ததாகச் சிலப்பதிகாரம் கூறும். ஓரிரவு தங்க இடங்கொடுத்தவள் அவ்விருந்தினரின் உயிருக்கும் தன்னைப் பொறுப்பாளியாக்கிக் கொண்டாள். வைகாசிச் சடங்கிலே வழக்குரை கேட்கும் நாம் மாதரியையும் மறத்தல் ஆகாது.

துறையும் மடமும்

நிற்க, வீட்டு விருந்திலிருந்து ஊர் விருந்துக்கு வருவோம். மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. கடலோரமாகிய எழுவான்கரையையும், வயல்நிலமாகிய படுவான்கரையையும் அது பிரித்து வைத்துள்ளது. சூரியன் எழும் கரையிலே பெருவழியும் சந்தையும். சூரியன் படும் கரையிலே நெல்லும் பாலும் தேனும். இக்கரையார்க்கு அக்கரையும் அக்கரையார்க்கு இக்கரையும் இன்றியமையாதன. ஆனால் நடுவே நீர். பாலங்கள் பிற்காலத்தன. கல்லடிப் பாலம் தேசாதிபதி மானிங் காலத்திலே, 1924ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டு, அவர் மனைவியின் பெயரால் லேடி மானிங் பாலம் எனப்பட்டது. அதன் அருகே புதிய பாலம் 2013இலும், மண்முனைப் பாலம் 2014இலும் திறக்கப்பட்டன. அதற்கு முன்னெல்லாம் துறையும் தோணியுமே கதி.

தோணிப் பயணத்திலே ஒரு நியதி உண்டு. காற்றும் இருளும் தோணிக்காரனை நிறுத்திவிடும். கடைசித் தோணி போய்விட்டதாயின் விடியும்வரை காத்திருத்தலன்றி வேறு வழியில்லை. நெல் ஏற்றி வந்த கமக்காரன், கைக்குழந்தையோடு தாய்வீடு செல்லும் பெண், கோயிலுக்கு நடந்து செல்லும் முதியவர் ஆகிய எல்லாரும் துறையிலே தங்க வேண்டியவரே. துறை இருக்கும் இடத்திலே தங்குமிடம் தோன்றுதல் இயல்பு.

எழுவான்கரையின் ஊர்ப்பெயர்களைச் சிறிது கவனியுங்கள். பட்டினத்திலிருந்து தெற்கே செல்லும் பெருவழியிலே குருக்கள்மடம் என்றொரு ஊர். அதற்கும் தெற்கே ஒந்தாச்சிமடம் என்றொரு ஊர். முதலாவது ஊரின் துறையிலிருந்து படுவான்கரையின் அம்பிலாந்துறைக்குத் தோணி செல்லும். இரண்டாவது ஊருக்கு அயலிலே குருமண்வெளித் துறை. அங்கிருந்து மண்டூருக்கு வழி. மடம் என்று பெயர்பெற்ற இரண்டு ஊர்களும் இரண்டு துறைகளின் அயலிலே அமைந்திருப்பது தற்செயலாகுமோ? துறைக்கு வந்தோர் தங்கிய மடங்களே ஊர்களின் பெயரில் நின்றுவிட்டன என்று கருத இடமுண்டு. கட்டடம் அழிந்தாலும் பெயர் அழியவில்லை. நாள்தோறும் பஸ்வண்டியிலே அப்பெயர்களைக் கூவிக் கேட்கின்றோம். அவற்றின் பொருளை எண்ணுவதில்லை.

வழிப்போக்கர்க்கு நிழலும் நீரும் தங்குமிடமும் அமைத்தல் ஆசியாவெங்கும் பெரும் அறமாகப் போற்றப்பட்டது. அசோக மன்னன் தன் தூண் கல்வெட்டிலே, வழிநெடுகக் கிணறு தோண்டி, ஆலமரம் நட்டு, தங்குமிடம் அமைத்தமையைக் கூறுகின்றான். தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரத்துக்குச் செல்லும் யாத்திரிகர்க்காகச் சத்திரங்கள் கட்டினர். இரண்டாம் சரபோஜி அமைத்த ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் அவற்றுட் புகழ்பெற்றது. இலங்கையிலே சிங்கள மக்கள் அமைத்த அம்பலங்களும் அத்தகையனவே. ஐரோப்பாவிலே அல்ப்ஸ் மலைக்கணவாயிற் பனியிலே தவிக்கும் வழிப்போக்கரைத் துறவிகள் மடம் அமைத்துக் காத்தனர். மடம் கட்டுவோன் தன் வாழ்நாளிலே முகம் பார்த்தறியாத ஒருவனுக்காகவே கட்டுகின்றான். அதனாலன்றோ அது அறமாயிற்று.

நம் பகுதியிலே இவ்வறத்தை இன்றும் கண்ணாரக் காண வேண்டுமாயின் கதிர்காமப் பாதயாத்திரையைப் பாருங்கள். வடக்கே செல்வச்சந்நிதியிலிருந்து வேலைத் தாங்கிப் புறப்படுவோர் வெருகல், மாமாங்கம், திருக்கோவில், உகந்தை என்று கோயில்தோறும் தங்கி, கும்புக்கன் ஆற்றைக் கடந்து காட்டுவழியே கதிர்காமம் சேர்கின்றனர். அவர்கள் கையிலே பெரும்பணம் இல்லை. தங்குவதற்கு முன்கூட்டி ஏற்பாடும் இல்லை. ஊரவர் அவர்களைச் "சாமி" என்று அழைத்து, கோயில் மண்டபத்திலே பாய் கொடுத்து, அன்னமிடுகின்றனர். யாத்திரிகன் உத்தியோகத்தனோ கூலியாளோ என்று யாரும் விசாரிப்பதில்லை. வழியிலே இறங்கியவுடன் அவன் பெயர் போய்விடுகின்றது, எல்லாரும் சாமியே.

விருந்தாய் வந்தவர் வேந்தரான கதை

இடங்கொடுத்தவர் கதை இவ்வாறிருக்க, இடம் பெற்றவர் கதையையும் நோக்குவோம். மட்டக்களப்புச் சரித்திரத்திலே மிகப் பெரிய நிகழ்ச்சிகள் சில, விருந்தினன் எவ்வாறு நடந்துகொண்டான் என்பதையே பற்றியன.

1602ஆம் ஆண்டு மே மாத முடிவிலே ஒல்லாந்தக் கடற்படைத் தலைவர் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக் கரையை அடைந்தார். அவரைப் போர்த்துக்கேயர் என ஐயுற்ற உள்ளூர்த் தலைவர் முதலில் எச்சரிக்கையாகவே நடந்தார். பின்னர் ஐயம் நீங்க, ஸ்பில்பேர்கன் மலைநாடு சென்று கண்டியரசன் விமலதர்மசூரியனைக் கண்டார். அரசன் அவரை மிகுந்த மரியாதையோடு வரவேற்றான். ஒல்லாந்தர் கோட்டை கட்ட விரும்பின், தானும் தன் தேவியும் மக்களும் தோளிலே கல் சுமந்து உதவுவோம் என்று அவன் சொன்னதாக ஒல்லாந்தக் குறிப்பு உரைக்கின்றது. வீட்டுக்காரனே விருந்தாளிக்குக் கல் சுமக்க முன்வந்தான் என்றால், போர்த்துக்கேயரால் அவன் பட்ட தொல்லை எத்துணைப் பெரிதாயிருந்திருத்தல் வேண்டும்!

அடுத்து வந்தவர் சேபால்ட் டி வேர்ட். அவருடைய ஆட்கள் மட்டக்களப்பிலே பசுக்களைக் கொன்று உண்டமை ஊராரைக் கொதிக்கச் செய்தது. பிடிபட்ட போர்த்துக்கேயரை அவர் விடுவித்ததும் அரசனுக்குச் சினமூட்டியது. 1603ஆம் ஆண்டிலே மட்டக்களப்பிலே அரசனோடு நேர்ந்த வாய்த்தர்க்கத்தின் முடிவில் டி வேர்ட்டும் அவருடன் வந்தோர் பலரும் வெட்டுண்டு மாண்டனர். விருந்தினன் உண்ணும் வீட்டின் ஆசாரத்தை மதியாமை எத்துணைப் பொல்லாதது என்பதற்கு அது சான்று. விருந்தினரைக் கொன்றதும் அறமன்று என்பதை நாம் ஒளிக்கவேண்டியதில்லை. இரு பக்கத்தும் பிழை இருந்தது. ஒரு வருடத்துள் நட்பு குருதியில் முடிந்தது.

பின்னர் 1628ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் புளியந்தீவிலே கோட்டையை எழுப்பினர். 1638ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் தேதி, ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டும் இரண்டாம் இராஜசிங்கனும் சேர்ந்து அதைக் கைப்பற்றினர். இலங்கையிலே ஒல்லாந்தர் கைக்கு வந்த முதற் கோட்டை அதுவே. ஐந்து நாட்களின் பின் மட்டக்களப்பிலே ஓர் உடன்படிக்கை ஒப்பமிடப்பட்டது. கைப்பற்றும் கோட்டைகளிலே, அரசன் விரும்பினால் மாத்திரமே ஒல்லாந்தப் படை தங்கலாம் என்பது அரசன் கொண்ட பொருள். ஒல்லாந்த மொழிப் பிரதியிலோ அந்த "விரும்பினால்" என்னும் கருத்து விடுபட்டிருந்தது. அந்த ஒரு சொல்லின் குறையாற் பல்லாண்டுப் பூசல் விளைந்தது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப்பிடாரியை ஓட்டிய கதையாய் முடிந்தது. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கியதுபோல என்று சிங்கள மக்கள் இதனையே பழமொழியாக்கினர். 1795ஆம் ஆண்டிலே ஆங்கிலேயர் வந்து ஒல்லாந்தரை வெளியேற்றினர். கோட்டை மாத்திரம் நின்றது. பின்னாளிலே நெடுங்காலம் அரசாங்கக் கச்சேரி அதனுள்ளேயே நடந்தது.

யான் தங்கிய வீட்டின் விறாந்தையிலிருந்து இவற்றையெல்லாம் எண்ணியபோது ஒன்று புலப்பட்டது. மடத்துக்கும் கோட்டைக்கும் சுவரும் கூரையும் பொது. விடிந்ததும் புறப்படுவான் என்ற நம்பிக்கையிற் கட்டுவது மடம். புறப்படமாட்டேன் என்ற துணிவிற் கட்டுவது கோட்டை.

வாடிவீடு

ஆங்கிலேயர் ஆட்சியிலே தெருக்கள் பெருகின. தெருவோடு கூடவே, ஒரு நாட் பயணத்துக்கு ஏற்ற தூரத்திலே அரசாங்கத் தங்குமனைகளும் எழுந்தன. அவற்றைக் கீழ்ப்பகுதித் தமிழர் "வாடிவீடு" என்றனர். இப்பெயர் மிகவும் பொருத்தமானது. கரைவலைக்காரர் கடற்கரையிலே போடும் தற்காலிகக் குடில் வாடி. கமக்காரன் வேளாண்மைக் காவலுக்கு வயலிலே போடும் குடிலும் வாடி. வேலை முடிந்ததும் விட்டுச் செல்லும் இடமே வாடி. துரைமார் தங்கும் மனையையும் அதே சொல்லால் அழைத்த நம் முன்னோரின் குறும்பை எண்ணி மகிழ்கின்றேன். மட்டக்களப்பு, கல்குடா, கல்முனை முதலிய இடங்களிலே இத்தகைய வாடிவீடுகள் இருந்தன. கல்முனையிலே வாடிவீட்டு வீதி என்னும் பெயர் இன்றும் வழங்குகின்றது.

வாடிவீட்டின் அமைப்பை முதியோர் அறிவர். முன்னே சாய்வு நாற்காலிகள் போட்ட விறாந்தை, நடுவே உணவுக்கூடம், இருபுறமும் கொசுவலை கட்டிய கட்டில்களோடு அறைகள், பின்னே கோக்கியின் குசினி. சுவரிலே கட்டணப் பட்டியல் தொங்கும். வருவோர் பெயரும் ஊரும் எழுதும் புத்தகம் மேசையிலே கிடக்கும். அரசாங்க உத்தியோகத்தர்க்கும் ஐரோப்பியப் பிரயாணிகளுக்கும் முதலிடம். விதிகள் எழுதப்பட்டிருந்தமையால், தங்குவோன் தன் உரிமையையும் அறிந்தான். தான் தரவேண்டியதையும் அறிந்தான். மடத்திலே இல்லாத ஒழுங்கு இது. ஆயினும் மடத்திலே இருந்த ஒன்று இங்கே இல்லை. காசில்லாதவனுக்கு வாடிவீட்டில் இடமில்லை.

வெளிநாட்டார் மட்டக்களப்பை அறிந்ததும் இங்கே தங்கியமையாலேயே. 1848ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே இங்கு வந்த சேர் எமர்சன் தெனன்ற், வாவியிலே இசை எழுவதைக் கேள்வியுற்று, இரவிலே தோணியிற் சென்று தம் செவியாற் கேட்டார். மீனவர் அவருக்கு அது ஊரியின் ஓசை என்று கூறி, உயிருள்ள ஊரிகளையும் எடுத்துக் காட்டினர். 1859இல் வெளிவந்த அவருடைய இலங்கை பற்றிய நூல் அச்செய்தியை உலகெங்கும் பரப்பியது. வந்தவன் இரவு தங்காமற் போயிருந்தால் அவ்வோசையை எங்ஙனம் கேட்டிருப்பான்? ஊரின் உள்ளம் பகலிலே சந்தையில் ஓடித் திரிபவனுக்கு அகப்படாது. ஓரிரவு படுத்தெழுந்தவனுக்கே அகப்படும். நம்மவருள் சுவாமி விபுலாநந்த அடிகளார் அவ்வாவி இசையைப் பொருளாக வைத்து "நீரர மகளிர்" என்னும் செய்யுளைப் பாடினார்.

1928ஆம் ஆண்டிலே புகையிரதப் பாதை மட்டக்களப்பை எட்டியது. அதன்பின் பலநாட் பயணம் ஓரிரவுப் பயணமாயிற்று. மோட்டார் வண்டி பெருகவே இடைவழித் தங்கலின் தேவை குறைந்தது. சுதந்திரத்துக்குப் பின் வாடிவீடுகள் பல உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பில் வந்தன, சில குத்தகைக்குப் போயின, சில பாழடைந்தன.

மூடிய கதவுகள்

பழமையைப் போற்றும்போது அதன் மறுவையும் காணுதல் இளைஞர் கடமை. நம் முன்னோர் விரித்த பாய் எல்லார்க்கும் விரிக்கப்பட்டதா? இல்லை என்றே விடை கூறவேண்டும். சாதி கேட்டு இடங்கொடுத்த மடமும் உண்டு. திண்ணையோடு நிறுத்திய வீடும் உண்டு. முற்றத்தோடு நிறுத்திய வீடும் உண்டு. வெள்ளையனுக்குக் கட்டில் கொடுத்த ஊரிலே, நம் வயலில் உழைத்தவனுக்குப் பாய் கிடைக்கவில்லை. உணவுச்சாலை, விடுதி முதலிய பொது இடங்களிலே சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பது குற்றம் என்று 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் விதித்தது. அறம் செய்யவேண்டியதைச் சட்டம் செய்ய நேர்ந்தது நமக்குப் பெருமையன்று.

அடிகளார் இதனை முன்னரே உணர்ந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழ்ப் பேராசிரியராயிருந்த காலத்திலே, அயலிலிருந்த தாழ்த்தப்பட்ட மக்களின் சேரிக்குச் சென்று பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்தார். 1929ஆம் ஆண்டிலே கல்லடி உப்போடையில் அவர் நிறுவிய சிவானந்த வித்தியாலயம் தூரத்து ஊர்ப் பிள்ளைகளுக்கும் கல்விக்கு இடமாயிற்று. பிள்ளைகள் தங்கிப் படிப்பதற்கு இடங்கொடுத்தலும் விருந்தோம்பலின் ஒரு வகையே.

இன்னொரு வடுவையும் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. 1990ஆம் ஆண்டிலே இந்தப் பெருவழியிலே பயணஞ் செய்த முஸ்லிம் மக்கள் குருக்கள்மடத்தருகே வழிமறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். அதே ஆண்டிலே வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்திலே தஞ்சம் புகுந்திருந்த தமிழ் மக்களுள் நூற்றுக்கு மேற்பட்டோர் படையினராற் கொண்டுசெல்லப்பட்டனர், அவர்கள் மீளவில்லை. வழிப்போக்கனையும் அடைக்கலம் புகுந்தவனையும் காத்தல் என்னும் பழைய அறம் இரு பக்கத்தும் முறிந்த காலம் அது. மாதரியைப் போற்றும் நாட்டிலே இவை நடந்தன என்பதை நினைந்து தலைகுனிய வேண்டும்.

ஆனால் அவ்வறம் அடியோடு அழிந்துவிடவுமில்லை. 1978ஆம் ஆண்டு நவம்பர் மாதச் சூறாவளியிலே கூரையிழந்தோர்க்கும், 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் தேதிக் கடல்கோளிலே கல்லடி, நாவலடி முதலிய கரையோரங்களிலிருந்து உடுத்த துணியோடு ஓடிவந்தோர்க்கும் கோயில் மண்டபங்களும் பள்ளிக்கூடங்களும் வீட்டுத் திண்ணைகளும் திறந்தன. அந்நாட்களிலே யார் எந்தக் குடி என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்காமல் இருக்கவும் நமக்குத் தெரியும் என்பதற்கு அதுவே சான்று.

இளைஞர் செய்யத்தக்கது

2009ஆம் ஆண்டிலே போர் ஓய்ந்தபின் பாசிக்குடாவிலே பெரிய உல்லாச விடுதிகள் எழுந்தன. பட்டினத்திலும் கல்லடியிலும் வீட்டறைகளை விருந்தினர்க்கு வாடகைக்கு விடுவோர் பெருகினர். இதனைக் குறைகூற யான் எழுதவில்லை. வீட்டின் இரண்டு அறையை வாடகைக்கு விட்டுப் பிள்ளையைப் படிப்பிக்கும் தாயின் தொழில் நேர்மையான தொழில். காசு வாங்குவதால் விருந்து கெட்டுவிடாது. முகம் மாறினாற்றான் கெடும். யான் தங்கிய வீட்டு அம்மையார் காசையும் வாங்கினார், வட்டாவையும் நீட்டினார். முன்னையது வாடிவீட்டிடமிருந்து நாம் கற்றது. பின்னையது நம் தாய்மாரிடமிருந்து வந்தது. இரண்டும் சேர்ந்திருக்க முடியும் என்பதை அவர் ஒரு சொல்லும் சொல்லாமல் எனக்குக் காட்டினார்.

சங்கத்து இளைஞர்க்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நம் ஊர்களிலே எத்தனை மடங்கள் இருந்தன, யார் கட்டினர், எந்தத் துறைக்கு எந்த மடம், எந்த வாடிவீடு எப்போது மூடப்பட்டது என்பன பெரும்பாலும் முதியோர் நினைவிலேதான் உள. அவர்கள் கண்மூடுமுன் ஊர்தோறும் சென்று கேட்டு, ஒரு குறிப்பேட்டிலே எழுதி வையுங்கள். இடிந்த சுவரானாலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வாடிவீட்டு வருகைப் புத்தகம் எந்த அலுமாரியிலாவது கிடப்பின் அதைச் செல்லுக்கு இரையாக விடாதீர்கள். அடுத்துவரும் மலர்களிலே அக்குறிப்புகள் ஒவ்வொன்றாக வெளிவருமாயின் அவையே நம் நாட்டின் உண்மைச் சரித்திரத்துக்கு அடிக்கல்லாகும்.

இதற்கும் மேலே ஒன்று உண்டு. யாத்திரைக் காலத்திலே உங்கள் ஊர்க் கோயில் மண்டபத்துக்கு வரும் சாமிமார்க்குப் பாய் விரிக்கும் பணியை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். வருபவர் யார், எந்தக் குடி, எந்த ஊர் என்று கேட்குமுன், உண்டீர்களா என்று கேளுங்கள்.

அன்று காலை, வட்டாவிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டு புறப்பட்டு, குருமண்வெளியிலே துறையைக் கடந்து மண்டூர் போய்ச் சேர்ந்தேன். விடைபெறும்போது அம்மையார், "அடுத்தமுறை வந்தா நேரே இங்க வாங்க மனே, ரோட்டுல நிக்காதீங்க" என்றார். அதன்பின் மட்டக்களப்புக்கு வரும்போதெல்லாம் எங்கே படுப்பது என்று யான் யோசித்ததில்லை.